பந்தாய்ச் சுருண்ட பாம்பு: வீட்டுக்குப் புதிதாய் வந்த பால் பைத்தானைப் பழக்குவது எப்படி?

துணிப்பையின் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பாம்பு மாதிரியே இருக்காது. எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய உருண்டை ஒன்று கிடக்கும். தலை அந்த உருண்டையின் நடுவே புதைந்திருக்கும். கையில் எடுத்தாலும் அசையாது. 'ரொம்பச் சாதுவா இருக்கே' என்று வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றி வாங்கிப் பார்ப்பார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அது சாதுவாக இல்லை. பயத்தின் உச்சத்தில் இருக்கிறது. ஓடவும் கடிக்கவும் வழியில்லாதபோது தலையை நடுவில் வைத்து உடம்பைச் சுற்றிக் கவசமாக்கிக்கொள்வது இந்த இனத்தின் வழக்கம். பெயரே அதிலிருந்து வந்ததுதான். பால் என்றால் இங்கே ஆங்கிலத்தில் பந்து, பைத்தான் என்றால் மலைப்பாம்பு. பாலூற்றிப் பழகிய நம்மவர்களுக்காக ஒரு வார்த்தை: இதற்கும் சரி, வேறு எந்தப் பாம்புக்கும் சரி, பால் உணவல்ல. தண்ணீர் போதும்.

பிரிட்டனில் இதையே ராயல் பைத்தான் என்பார்கள். கானா, டோகோ, பெனின் முதலான மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிகள் இதன் தாயகம். பகலெல்லாம் எலி வளையிலோ கறையான் புற்றிலோ முடங்கிக் கிடந்துவிட்டு இருட்டியபின் வெளியே வரும். வளர்ந்த பெண் பாம்பு நான்கு அடியைத் தொடும், சில ஐந்தடி வரை போகும். ஆண் மூன்றடி. நஞ்சு கிடையாது. அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் முதன்முதலாகப் பாம்பு வளர்ப்பவர்கள் பலர் இதைத்தான் வாங்குகிறார்கள். வாங்கிய சில வாரங்களில் 'சாப்பிடவே மாட்டேங்குது' என்று கவலைப்படத் தொடங்குவதும் பெரும்பாலும் இவர்கள்தான்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். சிங்கப்பூரில் எந்தப் பாம்பையும் வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. இந்தியாவில் சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு போன்ற நம் மண்ணின் பாம்புகளைப் பிடித்து வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதனால் இந்தியாவில் வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 விதிகள் சொல்கின்றன. சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் அடைத்துக் கடத்தி வந்த பால் பைத்தான்கள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. ஆவணமில்லாமல் மலிவாகக் கிடைக்கும் குட்டி எந்த வழியாக வந்திருக்கும் என்பதை ஊகிக்க அதிகம் யோசிக்க வேண்டாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் விதி மாறும். கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

வாங்கும்போது விற்பவரிடம் நிறம், வடிவம் பற்றிக் கேட்பதைவிடச் சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். வளர்ப்பிடத்திலேயே இணைசேர்த்துப் பொரித்ததா, ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியானதா? கடைசியாக எந்தத் தேதியில் சாப்பிட்டது? சுண்டெலியா, பெரிய எலியின் குஞ்சா? உயிருள்ளதா, உறையவைத்து இளக்கியதா? தொடர்ந்து எத்தனை வேளை மறுக்காமல் சாப்பிட்டது? மூன்று வேளையாவது தொடர்ந்து உண்ட குட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். நல்ல வளர்ப்பாளர் ஒரு சீட்டில் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்திருப்பார். 'அதெல்லாம் நல்லா சாப்பிடும்' என்ற பதில் மட்டும்தான் வருகிறதென்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது. இருபது, முப்பது ஆண்டுகள் உடன் வாழப்போகும் உயிர் இது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 62 வயதுக்குக் குறையாத பெண் பால் பைத்தான் ஒன்று 2020-இல் முட்டையிட்டது.

பழகுவது என்றால் என்ன?

நாய் பழகுவது வேறு, பாம்பு பழகுவது வேறு. நாய்க்கு நம்மைப் பிடித்துப்போகிறது. பாம்புக்கு நம்மீதுள்ள பயம் குறைகிறது, அவ்வளவுதான். பெரிய, வெதுவெதுப்பான ஒன்று அடிக்கடி வருகிறது, தூக்குகிறது, தின்னாமல் திரும்ப வைத்துவிடுகிறது. இது பலமுறை நடந்தால் பாம்பு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகிறது. ஆனால் பயம் குறைய வேண்டுமென்றால், இடையில் பயமே இல்லாத நேரம் வேண்டும். நாள்தோறும் எடுத்துப் பார்த்தால் அந்த நேரம் கிடைக்காது. பயந்த பாம்பு சாப்பிடாது. சாப்பிடவில்லையே என்று மறுபடி எடுத்துப் பார்ப்போம், வேறு எலியைக் காட்டுவோம், இடத்தை மாற்றுவோம். பயம் கூடிக்கொண்டே போகும். முதல் மாதத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இப்படி நாமே சுற்றிவிடுபவை.

பெட்டி

பாம்பு வருவதற்கு இரண்டு நாள் முன்பே பெட்டி தயாராகி, வெப்பம் நிலைத்திருக்க வேண்டும். வளர்ந்த பாம்புக்கு 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம் வேண்டும். குட்டிக்கு 60-க்கு 30 போதும். பெரிய பெட்டியே வைப்பதாக இருந்தால் காகித உருண்டை, பிளாஸ்டிக் இலை, மரப்பட்டை என்று போட்டு வெறுமையான இடமே இல்லாமல் நிரப்ப வேண்டும். மூடிக்குப் பூட்டு கட்டாயம். தன் தலை நுழையும் சந்தில் பாம்பு முழுவதுமாக நுழைந்துவிடும்.

சூடான பக்கம் தரை 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 26. இரவில் 24-க்குக் கீழே போகக்கூடாது. இந்த வேறுபாடு ஏன்? பாம்புக்கு உடலுக்குள் அடுப்பு கிடையாது. செரிக்க வேண்டுமென்றால் சூட்டுக்குப் போகும், செரித்தபின் குளிர்ச்சிக்கு வரும். சூடு போதாவிட்டால் செரிக்காது. செரிக்காது என்று தெரிந்தால் உண்ணாது, உண்டாலும் கக்கிவிடும். ஆகவே இரண்டு பக்கமும் ஒவ்வொரு மறைவிடம் வைக்க வேண்டும். ஒன்று மட்டும் வைத்தால், ஒளிந்திருப்பதா, சூடேற்றிக்கொள்வதா என்று பாம்பு ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அது எப்போதும் ஒளிந்திருப்பதையே தேர்ந்தெடுக்கும். மறைவிடம் குறுகலாக இருக்க வேண்டும்: சுருண்டால் உடம்பு சுவரைத் தொட வேண்டும், முதுகு கூரையில் பட வேண்டும். அழகுக்காக விற்கும் பெரிய குகை வேண்டாம். கவிழ்த்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு வாசல் வெட்டி, வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுங்கச் செய்தால் போதும்.

வெப்பப் பாயோ விளக்கோ எதுவானாலும், சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் இணைக்கக்கூடாது. பாய் மட்டும் தனியே ஓடினால் 45 டிகிரியையும் தாண்டும். பாம்புக்கு வயிற்றுப்பக்கம் சுடுவது தாமதமாகத்தான் உறைக்கும். தோல் வெந்த பிறகும் அங்கேயே படுத்திருக்கும். சூடேறும் கல் என்று விற்பதும் இதே காரணத்தால் ஆபத்து. தெர்மோஸ்டாட்டின் உணர்முனை எங்கே இருக்கிறது என்பதை வாரம் ஒருமுறை பாருங்கள். பாம்பு அதை நகர்த்திவிட்டாலோ தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து நனைந்தாலோ அது குறைந்த சூட்டைக் காட்டும். பாய் விடாமல் எரியும். அதை ஒட்டுவதற்குப் பெட்டிக்குள் செல்லோடேப் எதுவும் வேண்டாம். பாம்பின் தோலில் ஒட்டிக்கொண்டால் செதிளோடு உரிந்து வரும். தப்பித்தவறி ஒட்டிவிட்டால் இழுக்காமல் சமையல் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு மெதுவாக எடுக்க வேண்டும்.

ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம், சட்டை உரிக்கும் காலத்தில் 70. டொராண்டோ குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் இது 20-க்கு இறங்கிவிடும். பெட்டியின் மேல் வலையில் முக்கால் பங்கை மூடிவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்கினால் ஏறும். முதல் மாதம் தரையில் வெறும் சமையலறைக் காகிதம்தான் நல்லது. கழிவு எப்படியிருக்கிறது, உண்ணி இருக்கிறதா என்று வெள்ளைக் காகிதத்தில் பார்த்தால் தெரியும். உண்ணி மிளகுத்தூள் மாதிரி ஊரும் கறுப்புப் புள்ளி. பாம்பு நாள்முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தால் முதல் சந்தேகம் அதன்மீதுதான். ஒரு மாதம் போனபின் தேங்காய் நார்த் துண்டுகளைப் போடலாம். தேவதாரு, பைன் மரத்தூள் வேண்டாம், அவற்றின் எண்ணெய் மூச்சைப் பாதிக்கும்.

முதல் ஏழு நாள்

தண்ணீர் மாற்றுவது, அழுக்கை எடுப்பது தவிரக் கை உள்ளே போகக்கூடாது. மறைவிடத்தைத் தூக்கி 'இருக்கிறதா' என்று பார்ப்பதும் தொந்தரவுதான். பெட்டியை ஒலிபெருக்கி, வாஷிங் மெஷின் அருகே வைக்காதீர்கள். அதிர்வைப் பாம்பு தாடையாலும் வயிற்றாலும் கேட்கும். கண்ணாடிப் பெட்டியானால் மூன்று பக்கமும் அட்டையால் மறைத்துவிடலாம். இந்த வாரம் முழுக்க அது கண்ணிலேயே படாமல் இருந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று பொருள். பகலிலும் மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டே சுற்றினால் சூட்டிலோ மறைவிடத்திலோ குறை இருக்கிறது.

முதல் உணவு

எட்டாம் நாள் மாலை. குட்டி 70 கிராம் இருந்தால் 7 முதல் 10 கிராம் எலிக்குஞ்சு ஒன்று. உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பது குட்டிகளுக்கான கணக்கு. கண்ணளவு வேண்டுமானால், பாம்பின் உடம்பில் தடித்த இடத்தின் பருமன்தான் எலியின் பருமன். குட்டிக்கு வாரம் ஒருமுறை. அரைக் கிலோ ஆனதும் பத்துப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை. ஒன்றரைக் கிலோ வளர்ந்த பாம்புக்கு 70, 80 கிராம் எலி மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். அதிகம் ஊட்டினால் கொழுத்துவிடும்.

உயிருள்ள எலி வேண்டாம். பசியில்லாத பாம்போடு இரவு முழுக்க அடைபட்ட எலி, பாம்பின் முதுகை எலும்பு தெரியக் கடித்துவிடும். உறையவைத்த எலியை முந்தின இரவே பிரீசரிலிருந்து எடுத்து, மூடிபோட்ட தனி டப்பாவில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மறுநாள் மாலை அதைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் குழாயில் வரும் வெந்நீரில் இருபது நிமிடம் அமிழ்த்துங்கள். கொதிநீர் கூடாது, வயிறு வெடித்துவிடும். மைக்ரோவேவும் கூடாது, வெளியே வெந்து உள்ளே பனிக்கட்டியாக நிற்கும். எடுத்ததும் விரலால் வயிற்றை அமுக்கிப் பாருங்கள். உள்ளே கட்டியாக ஏதும் தட்டுப்படக்கூடாது. பிறகு தலைப்பக்கத்தை மட்டும் ஒரு நிமிடம் இன்னும் சூடான நீரில் வைத்தெடுத்து, காகிதத்தால் துடையுங்கள். எலியின் தலை 37, 38 டிகிரி இருக்க வேண்டும். பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். இருட்டில் அவை சூட்டைக் 'காண்கின்றன'. அறைச் சூட்டிலிருக்கும் எலி அதற்கு இரையாகவே தோன்றாது. மறுப்புகளில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

அறை விளக்கை அணைத்துவிட்டு, முப்பது சென்டிமீட்டர் நீள இடுக்கியால் எலியின் வால்பக்கத்தைப் பிடித்து, மறைவிட வாசலுக்கு ஒரு சாண் தள்ளி லேசாக அசையுங்கள். முகத்தில் கொண்டுபோய் இடிக்காதீர்கள். பயந்து உள்ளே போய்விடும். நாக்கு மெதுவாக, நீளமாக வரும். தலை அப்படியே நிலைக்கும். கழுத்து பின்னால் மடங்கும். அந்தக் கணத்தில் நீங்களும் அசையக்கூடாது. பாய்ந்து பிடித்து இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடும். இடுக்கியை விட்டுவிட்டு வெளியேறுங்கள். இறந்த எலியைத்தானே பிடித்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பத்து நிமிடம்கூட இறுக்கிக்கொண்டிருக்கும். பிறகு நாக்கால் தடவித் தலையைத் தேடி அங்கிருந்து விழுங்கும். இந்த இடைவெளியில் யாராவது செல்போன் விளக்கோடு எட்டிப்பார்த்தால் அப்படியே போட்டுவிட்டு ஒளிந்துகொள்ளும்.

எடுக்கவில்லையா? எலியை ஒரு சிறு தட்டில் வைத்து வாசலருகே விட்டுவிடுங்கள். காலையிலும் இருந்தால் எறிந்துவிடுங்கள், மறுபடி உறையவைக்கக் கூடாது. அடுத்த முயற்சி ஒரு வாரம் கழித்து. நாளைக்கே அல்ல.

சாப்பிடுவதற்காக வேறு டப்பாவுக்கு மாற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. இருக்குமிடத்திலேயே ஊட்டினால் கையைப் பார்த்தாலே கடிக்கும் என்ற பயம். ஆனால் மாற்றுவது வேண்டாம்: வயிறு நிறைந்த பாம்பைத் தூக்கினால் கக்குவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதோடு, இரையைத் தேடும் வெறி தணியாத பாம்பைத் தூக்குவதுதான் கடி வாங்கச் சிறந்த வழி.

மறுத்தால்

மற்றப் பாம்புகளோடு ஒப்பிட்டால் இது பிகு பண்ணும் இனம். ஆராய ஒரு வரிசை உண்டு. முதலில் சூடு: கருவி காட்டும் எண்ணை நம்பாமல் தரையில் இன்னொரு வெப்பமானி வைத்துப் பாருங்கள். அடுத்தது மறைவிடம். அடுத்தது கடந்த வாரம் எத்தனைமுறை தொட்டீர்கள் என்பது. பிறகு கண். பால்படர்ந்த மாதிரி நீலம் பூத்திருந்தால் சட்டை உரிக்கப்போகிறது, அதுவரை உண்ணாது. உரித்த மறுநாள் கொடுத்துப் பாருங்கள். குளிர்காலத்தில், குறிப்பாக ஆண் பாம்பு, மாதக்கணக்கில் உண்ணாமலிருப்பதும் இயல்பு. 800, 1000 கிராம் எட்டும்போது திடீரென நிறுத்துவதையும் பலர் பார்க்கிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், முன்பு எதைத் தின்றதோ அதற்கே திரும்புங்கள். சுண்டெலி தின்று வளர்ந்த பாம்புக்குப் பெரிய எலியின் குஞ்சு வேறொரு பண்டம். எலிக்குஞ்சைச் சுண்டெலி படுத்த மரத்தூளில் புரட்டிக் கொடுத்தால் ஏமாறும். சில, காற்றோட்டத் துளையிட்ட சிறு காகிதப் பைக்குள் எலியோடு வைத்து, பையைப் பெட்டிக்குள்ளேயே இரவு விட்டால் எடுத்துக்கொள்ளும். வாயைப் பிளந்து திணிக்கும் வேலை மட்டும் கூடாது. அது மருத்துவர் முடிவெடுக்க வேண்டியது.

சமையலறைத் தராசு ஒன்று வாங்கிப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடை எழுதுங்கள். 400 கிராம் பாம்பு இரண்டு மாதம் பட்டினி கிடந்து 390 கிராமில் நின்றால் கவலை வேண்டாம். 360-க்கு இறங்கினால், அதாவது பத்தில் ஒரு பங்கு போனால், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும். குட்டிகளுக்கு இருப்பு குறைவு. நான்கைந்து வாரம் தொடர்ந்து மறுத்தால் காத்திருக்க வேண்டாம். வாயைத் திறந்து மூச்சுவிடுவது, மூக்கில் குமிழி, மூச்சில் விசில் சத்தம் இவையெல்லாம் நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். அதற்கு நாள் கணக்கு கிடையாது, உடனே போக வேண்டும்.

கக்கிவிட்டால் வேறு கணக்கு. வயிற்று அமிலமும் சேர்ந்து வெளியேறியிருக்கும். பத்துப் பதினான்கு நாள் எதுவும் கொடுக்காமல் விட்டு, அடுத்த இரையைப் பாதி அளவாக்குங்கள். இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவர்தான்.

கையில் எடுப்பது

தொடர்ந்து மூன்று வேளை உண்டபிறகு தொடங்கலாம். சாப்பிட்ட 48 மணிநேரம், கண் நீலம் பூத்த நாட்கள் இரண்டிலும் தொடாதீர்கள். கையைச் சோப்புப்போட்டுக் கழுவுங்கள். எலியைத் தொட்ட வாசனையோ வீட்டு முயலின் வாசனையோ இருந்தால் கை இரையாகிவிடும்.

பெட்டியைத் திறந்ததும் கையை விடாமல், காகித உருளை ஒன்றால் உடம்பின் நடுப்பகுதியை மெதுவாகத் தொடுங்கள். இது சாப்பாடு இல்லை என்பதற்கான அடையாளம். ஒவ்வொருமுறையும் அதையே செய்தால் சில வாரங்களில் புரிந்துகொள்ளும். மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து. ஆகவே பக்கவாட்டில் கொண்டுபோய், உடம்பின் நடுவே அடியில் விரல்களை நுழைத்துத் தயங்காமல் தூக்குங்கள். தொடுவதும் எடுப்பதுமாகத் தடுமாறினால் அதுதான் கலவரப்படுத்தும். இன்னொரு கை வால்பக்க மூன்றிலொரு பங்கைத் தாங்க வேண்டும். பிடிக்காதீர்கள், தாங்குங்கள். முன்னே நகர நகர ஒரு கைக்கு அடுத்து மறு கையை வைத்துக்கொண்டே போக வேண்டும். தரையில் உட்கார்ந்து செய்தால் விழுந்தாலும் அடிபடாது.

முதல் தடவைகள் ஐந்து நிமிடம், வாரம் இரண்டு நாள். பந்தாகச் சுருண்டால் பிரிக்க முயலாமல் உள்ளங்கையில் வைத்திருங்கள். ஓரிரு நிமிடத்தில் ஒரு மூக்கு வெளியே வரும், பிறகு நாக்கு. அப்படி அவிழ்ந்தபின் திரும்ப வைப்பது நல்லது. ஒரு மாதத்தில் பதினைந்து நிமிடமாக்கலாம். கழுத்து வளைந்து சீறினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். கழுத்தில் மாலையாகப் போட்டுப் படமெடுப்பதைத் தள்ளிவையுங்கள்.

குட்டி கடித்தால் ஊசிக்குத்து மாதிரி சில புள்ளிகள், அவ்வளவே. பயந்து கடித்தது உடனே விட்டுவிடும். இரையென்று கடித்தது விடாமல் சுற்றும். அப்போது கையை வெடுக்கென்று இழுத்தால் பின்னோக்கி வளைந்த பற்கள் தோலைக் கிழிக்கும், பல்லும் உடைந்து உள்ளே நிற்கும். அதன் தலையில் குளிர்ந்த குழாய்நீரை ஓடவிட்டால் விட்டுவிடும். காயத்தைச் சோப்பால் கழுவுங்கள்.

எடுத்து வைத்தபின்னும் கை கழுவ வேண்டும். நலமாயிருக்கும் பாம்பின் உடம்பிலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொடாமலிருப்பதே நல்லது. வீட்டில் வேறு பாம்பு இருந்தால் புதியதை மூன்று மாதம் வேறு அறையில் வைத்து, அதற்கென்று தனி இடுக்கி, தனிக் கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலைகொண்ட பாம்பை மாலை ஏழு மணிக்குப் பார்த்தால் தெரியும். மறைவிட வாசலில் தலை மட்டும் நீட்டி, அசையாமல் காத்திருக்கும். இரவில் சுற்றும், தண்ணீர் குடிக்கும், சில நாள் சூட்டிலும் சில நாள் குளிர்ச்சியிலும் படுக்கும். கையில் எடுத்தால் சுருளாமல் முழங்கை வரை நடந்து பார்க்கும். ஒன்று மட்டும் மாறாது: பல ஆண்டு பழகிய பாம்பும் தலையைத் தொட்டால் கழுத்தை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த ஒரு இடத்தை விட்டுவிடுங்கள்.